மடிய வேண்டிய இடம்

யோகா வகுப்பில் சேர வருகிறவர்கள் பச்சிமோத்தானாசனத்தைப் பற்றிக் கேட்பது ஒரே கேள்விதான். "நெத்தி முட்டியத் தொடணுமா மாஸ்டர்?" காலண்டரிலும் புத்தக அட்டையிலும் பார்த்த படம் அவர்கள் மனதில் இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, முகத்தை முழங்காலில் புதைத்திருக்கும் மெலிந்த உடம்பு. அந்தப் படத்தில் எல்லோர் கண்ணும் போவது நெற்றிக்கும் முழங்காலுக்கும். ஆசனம் நடக்கிற இடம் வேறு. தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் அது நடக்கிறது. அந்த மடிப்பு இளகிக் கொடுத்தால் நெற்றி எந்த உயரத்தில் நின்றாலும் ஆசனம் சரி. அது இளகாமல் நெற்றி மட்டும் தொட்டுவிட்டால், கூன்போட்ட முதுகுதான் மிச்சம். பல வருடங்களாக இதைச் செய்தும் சொல்லிக்கொடுத்தும் வருகிறவன் என்ற உரிமையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உட்கார்ந்து செய்யும் ஆசனங்களில் எனக்கு மிகப் பிரியமானது இதுதான். சிரசாசனத்தைப் போல விழுந்துவிடுவோமோ என்ற பயம் இதில் கிடையாது. மயூராசனத்துக்கு வேண்டிய கைவலு வேண்டாம். உடம்பின் பாரம் முழுக்கத் தரையில் இருக்கிறது. நாம் செய்ய மிஞ்சியிருப்பது மூச்சு விடுவதும் பொறுத்திருப்பதும்தான். அவசரக்காரர்களுக்கு இது கடினமாகிப் போவதும் அதனால்தான். காலைக் கையால் இழுத்து இழுத்துக் குனிந்தவர்கள் வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சை மட்டும் நீளமாக விட்டுக்கொண்டிருந்தவர்கள் தாமாக இறங்கிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

குனிவதற்கு முன்னால் நிமிர்ந்து உட்காரத் தெரிய வேண்டும். அதுதான் தண்டாசனம். இரண்டு காலையும் சேர்த்து முன்னால் நீட்டி, பாதம் மேல்நோக்கி இருக்க, முதுகு நேராக அமர்வது. பார்ப்பதற்கு ஏதோ சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். நாற்காலியிலேயே பொழுதைக் கழிக்கிறவர்களை அப்படி உட்காரச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் கீழ்முதுகு பின்னால் சரியும், மார்பு ஒடுங்கும், முழங்கால் மேலே தூக்கும், கைகள் பின்னால் ஊன்ற இடம் தேடும். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்குவது புட்டச் சதைக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். சம்மணமிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்த்தால் அவை கையில் குத்தும். தண்டாசனத்தில் பாரம் அந்த முனைகளின் உச்சியில், சற்றே முன்பக்கமாக விழ வேண்டும். வால் எலும்புப் பக்கம் சரிந்துவிட்டால், அதன்பிறகு என்ன முயன்றாலும் வளையப்போவது முதுகுதான்.

என் வகுப்புக்கு வந்த தையல் வேலைக்காரப் பெண்மணி ஒருவர், நாள் முழுக்க மிஷினில் குனிந்திருப்பவர், காலை நீட்டியதுமே முகம் சுளித்தார். "இன்னும் குனியவே இல்ல மாஸ்டர், அதுக்குள்ள தொடை பின்னாடி இப்படி இழுக்குதே?" பக்கவாட்டில் போய் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பு பின்னால் உருண்டிருந்தது. கீழ்முதுகில் எலும்பு முண்டுகள் ஒன்றிரண்டு துணிக்கு மேலாகவே துருத்திக்கொண்டு தெரிந்தன. பவானி ஜமுக்காளம் ஒன்றை நாலாக மடித்து, அதன் விளிம்பில் உட்காரச் சொன்னேன். புட்டம் மட்டும் ஜமுக்காளத்தில், தொடையும் காலும் தரையில். பிறகு இரண்டு பக்கத்துப் புட்டச் சதையையும் கையால் பின்னுக்கு ஒதுக்கிவிடச் சொன்னேன். முழங்காலை லேசாக மடக்கி, அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். இடுப்பு தானாக முன்னால் வந்தது. துருத்திய முண்டுகள் உள்ளே போயின. தோள் இறங்கியது, கழுத்து நீண்டது. "இப்ப இழுக்கலயே" என்றார், நம்ப முடியாமல். "இன்னைக்கு இதுதான்க்கா ஆசனம். இப்படியே இருந்து பத்து மூச்சு விடுங்க" என்றேன். அவர் முன்னால் குனியத் தொடங்கியது சில வாரங்களுக்குப் பிறகு. குனிந்த அன்றைக்கு இடுப்பிலிருந்துதான் குனிந்தார்.

ஜமுக்காளமும் துண்டும் என்ன செய்தன என்று தெரிந்துகொண்டால் இந்த ஆசனத்தின் சூட்சுமம் பாதி பிடிபட்டுவிடும். தொடையின் பின்பக்கம் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்லப்படும் மூன்று தசைகள் இருக்கின்றன. அவை நான் மேலே சொன்ன உட்காரும் எலும்பு முனையில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, கீழ்க்காலின் எலும்பில் போய்ச் சேர்கின்றன. அதாவது இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு இரண்டையும் கடக்கும் தசைகள். முழங்காலை நேராக நீட்டினால் கீழ்முனையில் இழுபடும். இடுப்பை முன்னால் சாய்த்தால் மேல்முனையில் இழுபடும். இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்கிறது பச்சிமோத்தானாசனம். தசை இறுகியிருக்கிறவருக்கு அது முடியாது. தசை எலும்பு முனையைக் கீழே பிடித்து வைத்துக்கொள்கிறது. இடுப்பு உருள மறுக்கிறது. ஆனாலும் ஆசிரியர் "இன்னும், இன்னும்" என்கிறார், அல்லது பக்கத்துப் பாயில் இருப்பவர் தொட்டுவிட்டார். அப்போது உடம்பு கொடுக்கக்கூடிய ஒரே இடத்தில் கொடுக்கும். அது கீழ்முதுகு. முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் தசையின் கீழ்முனை தளர்கிறது, இடுப்பு உருள வழி கிடைக்கிறது. அடியில் உயரம் வைத்தாலும் இடுப்பு முன்னால் சாய்வது சுலபமாகிறது.

இந்த இடுப்பு மடிப்பை நம் ஊரில் தனியாகக் கற்றுத்தர வேண்டிய அவசியம் முன்பு இருந்திருக்காது. வாசலில் கோலம் போடும் வயதான பெண்களைப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும், முதுகு பலகையாக இருக்கும், உடம்பு இரண்டாக மடிவது இடுப்பில். அதே மடிப்பைத் தரையில் உட்கார்ந்து செய்தால் இந்த ஆசனம். சாப்பாட்டு மேசையும் சோபாவும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்தபின் ஒரு நாளில் நாம் இடுப்பை முழுசாக மடிக்கும் தருணங்கள் அரிதாகிவிட்டன. வகுப்புக்கு வரும் இளைஞர்களைவிட அவர்களுடைய அம்மாக்களுக்கு இந்த ஆசனம் சீக்கிரம் வந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இனி இறங்கும் முறை. தண்டாசனத்தில் நிலைத்தபின் மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். விலா எலும்புகள் இடுப்பிலிருந்து விலகி மேலே எழ வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே தொடை இடுக்கிலிருந்து முன்னால் சாயுங்கள். பார்வை பாதத்தின் மேல் இருக்கட்டும்; தலையைத் தொங்கப்போட வேண்டாம். தொப்புள் தொடையை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். முதலில் அடிவயிறு, பிறகு மார்பு, கடைசியாக முகம். இந்த வரிசை மாறவே கூடாது. முகம் முந்திக்கொண்டால் நிறுத்திவிட்டு மறுபடி மேலே வாருங்கள். கை எட்டுகிற இடத்தில் இருக்கலாம். முழங்காலோ கெண்டைக்காலோ கணுக்காலோ எதுவானாலும் சரி. பாதத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் பாதத்தைச் சுற்றி ஒரு பெல்ட்டைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பெல்ட் இல்லையா, துப்பட்டா போதும், மடித்த வேட்டியும் போதும். பெல்ட் இழுப்பதற்கு இல்லை; முதுகை நீளமாக வைத்திருக்க ஒரு பிடிமானம், அவ்வளவுதான். முழங்கை மடங்கி, தோள் காதுக்கு ஏறிவிட்டால் இழுக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பாதத்தைக் கவனிக்கச் சொல்வேன். பாதம் செத்துப்போன மாதிரி வெளியே சாய்ந்து கிடந்தால் தொடையும் வெளியே உருண்டுவிடும். இரண்டு பெருவிரலும் கூரையைப் பார்க்கட்டும். குதிகால் தரையை மெல்ல அழுத்தட்டும். தொடையின் முன்தசையைச் சற்றே இறுக்கி முழங்கால் சில்லை மேலே இழுத்துப் பிடித்தால், பின்தசை தன் பிடியைத் தளர்த்தும். ஒரு பக்கத்துத் தசை வேலை செய்யும்போது அதற்கு எதிர்ப்பக்கத்துத் தசை விட்டுக்கொடுப்பது உடம்பின் இயல்பு.

மூச்சுதான் இங்கே ஆசிரியர். முன்னால் மடிந்திருக்கும்போது வயிறு அமுங்கியிருக்கும், ஆழமாக மூச்சு இழுக்க முன்பக்கம் இடம் கிடைக்காது. மூச்சு முதுகுப் பக்கம் போய் விலாவை விரிக்கும். அதுவரை அங்கேயும் மூச்சு போகும் என்றே பலருக்குத் தெரியாது. மூச்சை இழுக்கும்போது ஒரு நூலளவு மேலே எழுந்து முதுகை நீட்டுங்கள். விடும்போது அந்த நீளத்தோடு இறங்குங்கள், அல்லது இறங்காமல் இருங்கள். மூச்சு அறுபட்டு, அடக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் எல்லை தாண்டியாயிற்று. நான் யாரிடமும் "எவ்வளவு குனிஞ்சீங்க?" என்று கேட்பதில்லை. "மூச்சு சுகமா போகுதா?" என்றுதான் கேட்பேன்.

எவ்வளவு நேரம்? 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹாம்ஸ்ட்ரிங் தசையை ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒருமுறை நீட்டவைத்துப் பார்த்தார்கள். 30 வினாடி நீட்டியவர்களுக்கும் 60 வினாடி நீட்டியவர்களுக்கும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றே. 15 வினாடிக்காரர்களுக்குக் குறைவு. தொடங்குகிறவர்களுக்கு அரை நிமிடம் என்பது என் கணக்கும்தான். பழகியவர்கள் இரண்டு மூன்று நிமிடம் இருக்கலாம். அதற்குக் காரணம் தசை இல்லை, மனம். முதல் அரை நிமிடம் தொடைக்கு, அதற்கு மேல் இருப்பதெல்லாம் மனதின் ஓட்டம் அடங்குவதற்கு.

பழைய நூல்கள் இந்த ஆசனத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகை, மத்ஸ்யேந்திராசனத்தை அடுத்து இதைச் சொல்லி, ஆசனங்களில் முதன்மையானது என்று புகழ்கிறது. ஜடராக்னியை எழுப்பும், வயிற்றை ஒட்டவைக்கும், பிராணனைப் பின்பக்க வழியில் செலுத்தும் என்று பலன் சொல்கிறது. சிவ சம்ஹிதை உக்ராசனம் என்ற பெயரில் இதைத் தன் நான்கு ஆசனங்களில் ஒன்றாக வைக்கிறது. கேரண்ட சம்ஹிதையின் 32 ஆசனங்களிலும் இது உண்டு. நெற்றியை முழங்காலில் வைக்கவேண்டும் என்றுதான் பிரதீபிகை சொல்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது? வாழ்நாள் முழுக்கத் தரையில் அமர்ந்து, தரையில் உண்டு, தரையில் உறங்கிய சாதகர்களுக்கு. அவர்களுக்கு இடுப்பு ஏற்கெனவே மடிந்தது. கடைசி நிலையைச் சொன்னால் போதும். எட்டு மணிநேரம் நாற்காலியில் இருந்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் கடைசி நிலையை முதல் பாடமாக வைப்பது நூலுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட பெரியவர்கள் நம் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' நூலில், ஆரம்பத்தில் முதுகு திமிலைப் போலத் தூக்கி நிற்பது தோளிலிருந்து மட்டும் நீட்டுவதால்தான், வளைவு இடுப்புப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறார். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில் கற்பித்துவிட்டு, 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-இல் மறையும்வரை இங்கேயே இருந்தவர். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் முன்வளையும் ஆசனங்களில் முழங்காலை மடக்கிக்கொள்வதைத் தடையில்லாமல் அனுமதித்தார். அந்த ஆசனத்தின் நோக்கம் முதுகு நீள்வது. கால் நேராக இருப்பது அதற்குப் பின்னால்தான் என்பது அவர் வழி. ஐயங்கார் பெல்ட்டையும் கம்பளியையும் கொடுத்தார், தேசிகாச்சார் முழங்காலை மடக்கச் சொன்னார். வழி வேறு, இரண்டு பேரும் காப்பாற்றியது ஒரே கீழ்முதுகை.

கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்த சுவாமி சிவானந்தரையும் இங்கே நினைக்க வேண்டும். மலேயாவில் மருத்துவராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போனவர். அவர் மரபில் வகுக்கப்பட்ட 12 அடிப்படை ஆசனங்களில் இது ஐந்தாவதாக வருகிறது. அடுத்து வருவது புஜங்காசனம். முன்னால் மடிந்தபின் பின்னால் எழ வேண்டும் என்ற கணக்கு அந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய சீடரான சுவாமி சத்யானந்தரின் பீகார் யோகப் பள்ளி நூல், டிஸ்க் விலகல், சயாட்டிகா, குடலிறக்கம் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. பலன்களைப் பட்டியல் போடும் நம் யூடியூப் ஆசிரியர்கள் அந்த ஒரு வரியை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

பலன் என்று நான் துணிந்து சொல்லக்கூடியவை சில. தொடைப் பின்தசையும் கெண்டைக்காலும் இளகும். அது நடக்கும்போது, படியேறும்போது, கீழே கிடப்பதை எடுக்கும்போது தெரியும். தசை உண்மையிலேயே நீளமாகிறதா, அல்லது இழுவையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறதா என்று உடலியல் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். இரண்டாவதற்குத்தான் ஆதாரம் அதிகம். எனக்கு அது இந்த ஆசனத்தின் பெருமையாகவே படுகிறது. நாம் தசையைப் பிய்த்து நீட்டவில்லை, உடம்பின் பயத்தைத் தணிக்கிறோம். அடிவயிறு மூச்சுக்கு மூச்சு அமுங்கி எழுவதால் வாயுத் தொல்லையும் மலச்சிக்கலும் உள்ள பலர் இலகுவாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீளமாக மூச்சை விடுவது இதயத் துடிப்பைத் தணிக்கும். மாலை நேரத்தில், தொடைமேல் ஒரு தலையணையை வைத்து அதில் நெற்றியைச் சாய்த்து இரண்டு நிமிடம் இருந்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்று தூக்கமில்லாமல் தவித்தவர்களே என்னிடம் வந்து சொன்னதுண்டு.

கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்கவைக்கும், சர்க்கரை நோய் தீரும், தொப்பை கரையும் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வயிற்றை அமுக்கினால் சுரப்பி வேலை செய்யும் என்பது உடம்பின் இயக்கம் தெரியாதவர் பேச்சு. தொப்பை குறைய நடையும் உணவுக் கட்டுப்பாடும் வேண்டும். சர்க்கரை மாத்திரையை யோகாவை நம்பி நிறுத்தினவர்கள் கடைசியில் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதை டாக்டர்களைக் கேளுங்கள். இந்த ஆசனம் தருவது போதுமானது. தராததை அதன் தலையில் கட்ட வேண்டாம்.

எச்சரிக்கைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது கீழ்முதுகு டிஸ்க். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் மெத்தையாக இருக்கும் டிஸ்க்கின் உள்ளே கூழ் போன்ற மையம் இருக்கிறது. கீழ்முதுகு கூனிட்டு முன்னால் வளையும்போது அந்த மையம் பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. நரம்பு வேர்கள் இருப்பதும் பின்பக்கம்தான். டிஸ்க் பெரும்பாலும் விலகுவது இடுப்புக்கு மேலே உள்ள கடைசி இரண்டு கண்ணிகளில், அதாவது மருத்துவர்கள் எல்4–எல்5, எல்5–எஸ்1 என்று எழுதித் தருகிற இடங்களில். கூன்போட்டுச் செய்யும் பச்சிமோத்தானாசனத்தில் அதிக வளைவு விழுவதும் அதே இடத்தில். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு வருகிறவரை இந்த ஆசனத்தில் உட்காரவைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை, அவரே கெஞ்சினாலும்.

ரிப்போர்ட் இல்லாதவர்களிடம் உடம்பே சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் ஒருநாள் குனிந்தபடியே, "மாஸ்டர், கரண்ட் அடிச்ச மாதிரி பாதம் வரைக்கும் ஓடுது" என்றார். உடனே எழச் சொன்னேன். தசை இழுபடுவது அகலமாக, தொடையின் நடுப்பகுதியில், மந்தமாகத் தெரியும். மூச்சு விட விடக் குறையும். நரம்பு இழுபடுவது கோடு போட்டதுபோல ஓடும். சுரீரென்று இருக்கும், எரியும், மரமரக்கும், முழங்காலுக்குக் கீழே பாதம் வரை போகும். குனிந்த நிலையிலேயே தலையை மட்டும் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். தொடை இழுவை சட்டென்று குறைந்தால் இழுபட்டது தசை இல்லை. கழுத்துக்கும் தொடைத் தசைக்கும் சம்பந்தம் கிடையாது; தண்டுவடத்துக்கும் சயாட்டிக் நரம்புக்கும் உண்டு. நரம்பு இழுவையைக் கண்டுபிடிக்க பிசியோதெரபிஸ்டுகள் நோயாளியை உட்காரவைத்து, முதுகைக் கூனச்செய்து, தலையைக் குனியவைத்து, முழங்காலை நீட்டி, பாதத்தை மேலே மடக்கிப் பார்ப்பார்கள். தப்பாகச் செய்யும் பச்சிமோத்தானாசனம் அப்படியே அந்தச் சோதனைதான். சோதனையை யாரும் தினமும் மூன்று நிமிடம் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெரியவரை ஒரு எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போதும் வகுப்புக்கு வருகிறார். மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை மடக்கி எடுக்கிறார், சேதுபந்தாசனம் செய்கிறார். அவருக்கு அது போதும்.

வேறொரு வலி புட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பு முனையிலேயே வரும். பழகியவர்களுக்குத்தான் இது அதிகம். தசைநார் எலும்பில் ஒட்டும் இடம் புண்பட்டிருக்கிறது என்று பொருள். அவர்கள் செய்யும் தவறு, வலிக்கிறதே என்று இன்னும் நீட்டுவது. நீட்ட நீட்ட அது ஆறாது. முன்வளையும் ஆசனங்களைச் சில மாதம் நிறுத்திவிட்டு அந்தத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும்.

வயதான பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் கூன்போட்டு முன்வளைவது ஆபத்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த 59 பெண்களை வைத்துச் செய்து 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முன்வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புது முறிவுகள் வந்திருந்தன; பின்வளையும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குத்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடியதில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் வந்தால் எலும்பு அடர்த்திச் சோதனை செய்தீர்களா என்று கேட்கிறேன். தெரியாது என்றால் அவர்களுக்குத் தண்டாசனமே பூரண ஆசனம்.

கர்ப்பிணிகள் வயிற்றை அமுக்கும்படி மடியக் கூடாது. காலை அகட்டி வைத்து நிமிர்ந்து உட்காரலாம், அதுவும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. குடலிறக்கம் உள்ளவர்களும் அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தொடவேண்டாம். சாப்பிட்டு மூன்று நான்கு மணிநேரம் ஆகியிருக்க வேண்டும். இவையெல்லாம் பெரும்பாலும் தெரிந்தவைதான். தெரியாத ஒன்று உண்டு. காலையில் படுக்கையைவிட்டு எழுந்தவுடன் இதைச் செய்யாதீர்கள். இரவெல்லாம் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். விடியலில் நாம் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை உயரமாகக்கூட இருப்போம். அந்த உப்பலோடு வளைந்தால் டிஸ்க்கில் விழும் அழுத்தம் அதிகம். பிரம்ம முகூர்த்தத்தில் பயிற்சி செய்கிறவர்கள் அந்த நேரத்தைப் பிராணாயாமத்துக்கும் தியானத்துக்கும் கொடுங்கள். எழுந்து ஒரு மணிநேரமாவது நடமாடியபின், நின்று செய்யும் ஆசனங்களை முடித்துவிட்டு, இதற்கு வாருங்கள்.

வெளியே வரும் விதமும் ஆசனத்தில் சேர்த்திதான். தலையை முதலில் தூக்கி விருட்டென்று எழுகிறவர்கள் அதுவரை சேர்த்ததைக் கீழ்முதுகில் கொட்டிவிடுகிறார்கள். மூச்சை இழுத்து, மார்பெலும்பை முன்னால் நீட்டி, கையைத் தொடைமேல் ஊன்றி, இடுப்பிலிருந்து எழுங்கள். இரண்டு மூச்சு தண்டாசனத்தில் இருங்கள். பிறகு கையைப் பின்னால் ஊன்றி இடுப்பைத் தூக்கும் பூர்வோத்தானாசனம். மணிக்கட்டு வலிக்கிறவர்கள் மல்லாந்து படுத்துச் சேதுபந்தாசனம் செய்யலாம். முன்பக்கம் திறந்தபின்தான் சவாசனம்.

இந்தக் கலையை மற்றவர்களுக்குச் சொல்லித் தரும் நண்பர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் குனிந்திருக்கும்போது முதுகில் கை வைத்து அழுத்துவதும் ஏறி உட்காருவதும் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. வேறோர் இடத்தில் அப்படி அழுத்தப்பட்டு, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு எழ முடியாமல் போன இளைஞர் ஒருவர் மாதக்கணக்கில் படுத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். பாயில் உட்காரவே அவருக்கு பயம். அந்தப் பயத்தை எடுக்க எனக்கு நீண்ட காலம் பிடித்தது. அழுத்துகிற கைக்கு உள்ளே இருக்கும் டிஸ்க் தெரியாது, நரம்பு தெரியாது. மூச்சு எங்கே அறுகிறது என்று உணர முடிந்தவர் குனிந்திருப்பவர் ஒருவர்தான். உங்கள் கை முதுகுக்குப் போக வேண்டாம். ஒரு ஜமுக்காளத்தை மடித்துக் கொடுங்கள், முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சைக் கவனியுங்கள்.

வீட்டில் தனியாகத் தொடங்குகிறவர்கள் சுவரோரமாக உட்காருங்கள். புட்டமும் முதுகும் சுவரில் சாய, காலை நீட்டி, அடியில் மடித்த போர்வை. ஒரு மாதம் அது மட்டும் போதும். முதுகு சுவரைவிட்டுச் சுகமாக நிமிர்ந்து நிற்கும் நாளில் குனியத் தொடங்குங்கள். நெற்றி முழங்காலைத் தொடாமலே வாழ்நாள் முழுக்க இந்த ஆசனத்தைச் செய்யலாம். அப்படிச் செய்கிறவர்கள் என் வகுப்பில் பாதிக்கு மேல். அவர்கள் செய்வது பச்சிமோத்தானாசனம்தான்.